பெட்டிக்குள்ள இருந்த இரும்புக் கவசம்

மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
19.05.2024

என் அன்பு மருமகள் ஜெயந்தினிக்கு,

இங்க நான், உன் அத்தை வேலாயி, ஆடு ரெண்டு, எல்லாரும் சுகம். மழை மட்டும்தான் நம்ம சொல்லைக் கேக்குறதில்ல. நீ கொழும்புல வேர்த்துக்கிட்டு இருப்ப. ரெண்டு வாளி மழை அனுப்பலாம்னா தபால்காரர் ஒத்துக்கமாட்டாரு.

நீயும் உன் கூட்டாளி கிஷாந்தும் சேந்து செஞ்ச விளையாட்டுப் பெட்டி வந்து சேந்துச்சு. படம், அட்டை, அந்த இருபது முகப் பகடை எல்லாம் பத்திரம். பகடையைப் பாக்க லயத்து வரிசை வீடு அத்தனையும் கூடிருச்சு. இது என்ன கல்லுன்னு கேட்டவனுக்கு, கொழும்புல என் மருமகள் கம்பியூட்டர்ல வளத்த கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

போன்ல கேட்டா மாமா கதை விடுவீங்க, காயிதத்துல நடந்ததை நடந்தபடி எழுதுங்கன்னு சொன்னியே. சரி. காயிதத்துல எனக்குப் பொய் வராது. பேனா ஓடாது.

ஞாயித்துக்கிழமை தேயிலைக் கொழுந்து நிறுக்குற மடுவம் சும்மாதானே கிடக்கு. தராசைத் தள்ளி வச்சுட்டு நாலு பேரு உக்காந்தோம். அத்தை, பழைய காவக்காரர் பொன்னையா அண்ணன், பஜார்ல தையல் கடை வச்சிருக்க சுதாகரன், அப்புறம் கதையை நடத்துறதுக்கு நான். நீ அந்த ஆளுக்கு 'கதைநடத்துநர்'னு பேரு வச்சிருக்க. அது யாரு வாயிலயும் நுழையல. 'கண்டாக்கு'ன்னு வச்சுட்டோம். தோட்டத்துல வேலை செய்யாம நின்னுக்கிட்டு அடுத்தவனுக்கு என்ன நடக்கணும்னு சொல்ற ஆளு கண்டாக்குதானே.

ஆட்டம் பிரமாதம். கதையில கோட்டை வாசல்ல பூதம் வந்துச்சு. உலக்கையோட வந்துச்சு. பொன்னையா அண்ணன் வாளை உருவுனாரு பாரு, மடுவத்துக் கூரையே அதிர்ந்துச்சு. எல்லாரும் பயங்கரமா சண்டை போட்டாங்க. நீ முக்கியமா கேட்டது கவசத்தைப் பத்தி. எழுதிக்கோ: இரும்புக் கவசம் போட்டவங்க யாருக்கும் ஒரு கீறல் விழல. ஒருத்தரும் சாகல. அப்படியாப்பட்ட கவசம்!

நம்ம பரம்பரைக்கே கவசம் தெரியும். நம்ம பூட்டன் மதுரைப் பக்கத்துல ராசாகிட்ட இருந்தவரு. கப்பல்ல இரும்புக் கவசத்தோடதான் வந்தாரு. மன்னார்லயிருந்து நடந்து வரும்போது கனம் தாங்காம மாத்தளையில வித்துட்டாருன்னு சொல்லுவாங்க. வேற யாரும் சொல்லலைன்னாலும் நான் சொல்றேன்.

ஆகஸ்ட்ல உங்க விளையாட்டுக் கண்காட்சியில நான் கண்டாக்கா உக்காந்து அத்தனை சனத்துக்கும் ஆட்டம் காட்டணும்னு வாக்குக் குடுத்திருக்க. மறந்துராத. இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
கவ்வாத்துக் கத்தி எடுத்தா தேயிலைச் செடியே தலைகுனியும்
நல்லமுத்து


வெள்ளவத்தை,
கொழும்பு.
27.05.2024

அன்புள்ள மாமா,

தேயிலைச் செடியோட தலையை வெட்டினா அது குனியாம என்ன செய்யும்?

கடிதம் படிச்சு ஆபீஸ்ல தனியா சிரிச்சேன். அத்தைகிட்டயும் பொன்னையா தாத்தாகிட்டயும், சுதாகரன் அண்ணன்கிட்டயும் நன்றி சொல்லுங்க. இந்த மாதிரி விளையாட்டையே பாக்காதவங்க விளையாடினா எப்படி இருக்கும்னு தெரியணும்னுதான் உங்ககிட்ட அனுப்பினேன். இங்க இருக்கிற கூட்டாளிங்க எல்லாம் ஏற்கனவே பழகினவங்க.

கவச விதியை ஒருதரம் சுருக்கமா எழுதுறேன், நீங்க சரியாத்தான் நடத்துறீங்களான்னு பாருங்க. வெறும் உடம்புக்குக் காப்பு எண் பத்து. தோல் கவசம் போட்டா பன்னிரண்டு. சங்கிலிக் கவசம் பதினைந்து. இரும்புன்னா பதினெட்டு. பூதம் அடிக்கும்போது நீங்க இருபது முகப் பகடையை உருட்டுறீங்க. உங்க எதிர்ல இருக்கிறவரோட காப்பு எண்ணைப் பகடை தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும், உயிர்ப்புள்ளி குறையும். தொடலைன்னா அடி தவறிடும். அடி விழுந்த ஒவ்வொரு தரமும் கவசம் ஒரு எண் தேயும். பதினெட்டு பதினேழாகும். அவ்வளவுதான்.

இரும்புக் கவசக்காரங்களுக்குக் கீறலே விழலைன்னு எழுதியிருக்கீங்க. அதைத்தான் கிஷாந்தும் பயந்தான். எதுவுமே தொடமுடியாத ஆளா இருந்தா யாருக்கு விளையாட ஆசை வரும்? அதனால இரும்பைப் பதினாறாக் குறைச்சுட்டோம். கண்காட்சி நடத்துற அம்மா அடுத்த மாதம் வந்து ஒரு தரம் விளையாடிப் பாக்குறாங்க. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் கண்காட்சியில நமக்கு ஒரு மேசை. ரெண்டு வருஷமா ராத்திரி பகல்னு செஞ்சது மாமா, அந்த மேசை கிடைக்கலைன்னா இதை நாலு பேர் கூடப் பாக்க மாட்டாங்க.

அங்க மழைன்னீங்களே. தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த நீல மழை ஜாக்கெட்டைப் போடுறீங்கதானே?

அன்புடன்,
ஜெயந்தினி


மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
09.06.2024

என் அன்பு மருமகளே,

ஜாக்கெட்டைப் பத்திக் கேட்டியே, அதைச் சொல்லி மாளாது. நான் அதைப் போட்டுக்கிட்டு மலைக்குப் போனா தோட்டத்துத் துரையே ஜீப்பை நிறுத்துறாரு. "நல்லமுத்து, இது எந்த நாட்டு உடுப்பு?"ன்னு கேட்டாரு. "என் மருமகள் நாட்டு உடுப்பு"ன்னேன். அவரு முகத்தைப் பாக்கணுமே.

இப்ப விசயத்துக்கு வாறேன். உன் விதியில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. நான் சொல்லல, பொன்னையா அண்ணன் சண்டைக்கே வந்துட்டாரு.

போன ஞாயிறு நான் பகடையை உருட்டுனேன். பூதத்தோட உலக்கை அவருக்கு நேரா வருது. பகடையில ஒம்போது. "தவறிடுச்சு அண்ணே"ன்னேன்.

"எப்புடித் தவறும்?" அப்படிங்கிறாரு.

"தவறிடுச்சு."

"அடேய், உலக்கை தென்னமரம் தண்டிக்கு இருக்குன்னு நீதானடா சொன்ன. நான் என்ன ஈயா, தவறிப்போறதுக்கு?"

அவருக்கு அடி விழாததுக்கே கோவம். எனக்கும் யோசனையாப் போச்சு. உன் அத்தை கொழுந்து எடுக்கப் போறப்ப இடுப்புல படங்கு கட்டுறாளே, அந்தச் சாக்கு. மழை பெஞ்சா படங்கு மேல விழாமலா போகுது? மழை யாருக்கும் தவறாது. விழும். நனையிறதுதான் குறையும். கவசம்னா அப்படித்தானே இருக்கணும்? அடி விழட்டும், வலி குறையட்டும். பத்துப் புள்ளி போற இடத்துல ஏழு போகட்டும்.

நான் இதைச் சொன்னதும் மடுவமே கை தட்டுச்சு. மடுவத்துல நாலு பேருதான் இருந்தோம், ஆனா சத்தம் நாப்பது பேரு தட்டுன மாதிரி.

உடனே உன் அத்தை குறுக்க விழுந்தா. "அப்ப மலையில கடிக்கிற அட்டைக்கு என்ன சொல்றீங்க?"ன்னா. அட்டை படங்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காது. எங்க இடைவெளி இருக்குன்னு தேடும். கிடைச்சா முழுசா ரத்தத்தைக் குடிக்கும், கிடைக்கலைன்னா ஒண்ணும் இல்ல. பாதி கடின்னு கிடையாது. "ஜெயந்தினி எழுதுனது அட்டைக் கணக்கு. நீங்க சொல்றது மழைக் கணக்கு"ன்னு சொல்லிட்டு வெத்திலையைப் போட்டுக்கிட்டா. அவ சொன்னாலும் அந்த யோசனை என்னோடதுதான், நான் மனசுல வச்சிருந்தேன்.

சுதாகரன் தனிக் கட்சியா நிக்கிறான். அளவு எடுத்துத் தைக்காத கவசத்தை எந்தப் புள்ளையும் போடக்கூடாதாம். அவன் தொழில் புத்தி.

மத்தபடி ஆட்டம் வழக்கம்போல அமோகம். இரும்புக் கவசம் போட்டவங்க யாருக்கும் இன்னும் ஒரு கீறல் விழல. பதினாறாக் குறைச்சும் விழல. நீ இன்னும் குறைச்சாலும் தாங்கும்.

இப்படிக்கு,
பூதங்களைப் பேச்சாலயே ஓட்டும்
நல்லமுத்து கண்டாக்கு


வெள்ளவத்தை,
கொழும்பு.
22.06.2024

மாமா,

இந்தக் கடிதத்துல விளையாட்டுப் பேச்சு இல்லை.

உங்க பேச்சை நம்பி இரும்பைப் பதினாலாக் குறைச்சோம், சங்கிலியைப் பதிமூணாக் குறைச்சோம். புதன்கிழமை அந்த அம்மா வந்தாங்க. அவங்களோட இன்னும் நாலு பேர். ஒருத்தர் மட்டும் தோல் கவசம், மத்த எல்லாரும் ஆசை ஆசையா இரும்புக் கவசம் எடுத்தாங்க. முதல் சண்டையிலேயே ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. பூதம் தொட்டதெல்லாம் அடி. இருந்த கவசமும் ஒவ்வொரு அடிக்கும் தேய்ஞ்சு, கடைசியில தோல் கவசக்காரன் இரும்புக்காரனைப் பாத்துச் சிரிச்சான். அந்த அம்மா மரியாதையா எழும்பி, "கதை நல்லாயிருக்கு, கவசம் எதுக்குன்னுதான் விளங்கல"ன்னு சொன்னாங்க. ஜூலையில இன்னொரு தரம் வருவாங்க. அதுலயும் சரிவரலைன்னா மேசை வேற ஆளுக்கு.

அன்னைக்கே ஊர்லயிருந்து என் அம்மா போன் எடுத்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? "உன் அத்தை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செத்துட்டு வந்துதான் சோறாக்குறா"ன்னு. பொன்னையா தாத்தாவும் செத்தாராம். சுதாகரன் அண்ணன் ரெண்டாவது ஆளா விளையாடி அதுலயும் செத்தாராம். லயமே சிரிக்குதாம்.

ஒருத்தரும் சாகலைன்னு எழுதினீங்களே மாமா. ஒரு கீறல் விழலைன்னு ரெண்டு தரம் எழுதினீங்க. நீங்க பூட்டன் கதை விடுங்க, துரை கதை விடுங்க, நான் சந்தோசமாப் படிப்பேன். ஆனா இது ஒண்ணை மட்டும் நடந்தபடி சொல்லுங்கன்னுதானே கேட்டேன்?

இனிமே அங்க விளையாடி எழுத வேணாம். பெட்டியை அம்மாகிட்ட கொடுங்க. ஆகஸ்ட்ல நீங்க கொழும்புக்கு வர வேணாம். வந்தா இங்கயும் இப்படித்தான் நடக்கும்.

ஜெயந்தினி


மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
01.07.2024

அன்பு மருமகளுக்கு,

காயிதத்தை உன் அத்தை படிச்சுக் காட்டுனா. கண்ணாடி இல்லைன்னு சொல்லித்தான் குடுத்தேன். கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

பெட்டியை உன் அம்மாகிட்ட குடுத்தாச்சு. பகடையை மட்டும் துணியில சுத்தி வச்சிருக்கேன், அது உருண்டு ஓடிறக்கூடாதுன்னு.

வர வேணாம்னா வரல. நான் என்ன கண்டாக்கா இருந்தாத்தான் சோறு திம்பேனா? பஜார்ல கேட்டவனுக்கு எல்லாம், கொழும்புல வெயில் கூடிருச்சு, மருமகளே வேணாம்னு தடுத்துட்டான்னு சொல்லிட்டேன்.

ஆனா ஒண்ணு. நான் பொய் எழுதல. உன்மேல சத்தியம், நம்ம முத்துமாரிமேல சத்தியம். இரும்புக் கவசம் போட்ட யாரும் சாகலைன்னு எழுதுனேன். எங்க வேணும்னாலும் சொல்லுவேன். போட்ட ஒருத்தரும் சாகல. ஏன்னா ஒருத்தரும் போடல!

செத்தவங்க எல்லாம் வெறும் உடம்போட செத்தவங்க. அதை நீ கேக்கல, நான் எழுதல.

பொன்னையா அண்ணனுக்கு ஆட்டத்துல கோட்டை ராணி இரும்புக் கவசம் குடுத்தா. அவரு வாங்கித் தலையில வச்சுக் கும்பிட்டாரு. "எங்க வைக்கிற அண்ணே?"ன்னு கேட்டேன். "வீட்டுல பெட்டியில"ன்னாரு. "பூதம் வருதே?"ன்னேன். "அடிபட்டா ஒண்ணு தேயும்னு அந்தப் புள்ள எழுதியிருக்கால்ல? புதுசைப் போய் பூதத்துக்கிட்ட காட்டுறதா? திருவிழாவுக்குப் போட்டுக்கலாம்." அப்படின்னுட்டு இடுப்புல கட்டுன வெறும் சாரத்தோட சண்டைக்குப் போனாரு. ஒரே அடி.

உன் அத்தை அவ கவசத்துக்குள்ள பூச்சி உருண்டை போட்டு மடிச்சு வச்சேன்னு சொல்லி எழுதச் சொன்னா. இரும்பை எப்புடி மடிக்கிறதுன்னு கேட்டேன். அது நம்ம கவலை இல்லையாம். சுதாகரன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கான். ஆட்டத்துல அவனுக்குத் தங்கச்சியே இல்ல.

செத்ததும் பெட்டியில இருந்த கவசம் யாருக்குன்னு ஒரு சண்டை நடக்கும் பாரு, பூதச் சண்டை எல்லாம் அதுக்குக் கிட்ட நிக்காது. அதுலதான் நாங்க அவ்வளவு சிரிச்சோம். அந்த அம்மாவும் உன் கூட்டாளிங்களும் எடுத்த உடனே போட்டுட்டாங்களா? கொழும்புக்காரங்க கைநிறைய வச்சிருக்கவங்க.

உடம்பைப் பாத்துக்கோ. நேரத்துக்குச் சாப்பிடு.

நல்லமுத்து


வெள்ளவத்தை,
கொழும்பு.
20.07.2024

அன்புள்ள மாமா,

உங்க கடிதத்தை பஸ்ஸுக்குள்ள படிச்சேன். "ஏன்னா ஒருத்தரும் போடல"ங்கிற இடத்துல சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்துச் சீட்டு ஆள் எழும்பி முன்னால போயிட்டார். இறங்க வேண்டிய இடம் தாண்டி பம்பலப்பிட்டியில இறங்கினேன்.

கிஷாந்துக்குப் படிச்சுக் காட்டினேன். அவன் கடிதத்தை வாங்கி இன்னொரு தரம் படிச்சான். அப்புறம், "எங்க வீட்டுல விருந்தாளிக்குன்னு வச்ச கண்ணாடிக் கிளாஸ் செட் இருக்கு, அதுல இன்னும் யாரும் தண்ணி குடிச்சதில்ல"ன்னான்.

மாமா, தப்பு என் தேய்மான விதியிலதான். அடிபட்டா தேயும்னு எழுதினா யார் போடுவாங்க? நம்மாளுங்க வளந்ததே அப்படி. அதை எடுத்துட்டேன். இப்ப விதி இதுதான்:

இரும்பு மறுபடி பதினெட்டு. பகடை அதைத் தொட்டா இடைவெளி கிடைச்சதுன்னு அர்த்தம், அடி உள்ள போகும். அது அத்தையோட அட்டைக் கணக்கு. உள்ள போன அடியிலயும் இரும்பு மூணு புள்ளி குறைக்கும். அது உங்க மழைக் கணக்கு. ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க.

அடிபட்டா இனிமே கவசம் தேயாது. தழும்பு விழும். ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு பேர் வைக்கணும். அடுத்த சண்டையில எதிரிக்கு முன்னால நின்னு, இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு கதை சொல்லலாம். எவ்வளவு வேணும்னாலும் கூட்டிச் சொல்லலாம். மேசையில இருக்கிறவங்க சிரிச்சாலோ வாயைப் பொளந்தாலோ, எதிரி தயங்குறான், அந்த அடிக்குக் காப்பு எண் ரெண்டு கூடுது. அடிபடாத புதுக் கவசத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லையே.

இந்த விதி யாரைப் பாத்து எழுதினேன்னு உங்களுக்கே தெரியும்.

நேத்து அந்த அம்மா வந்தாங்க. இரும்பு எடுத்தாங்க, அடி வாங்கினாங்க, தழும்புக்கு 'மூத்த நாத்தனார்'னு பேர் வச்சாங்க. அதைப் பத்தி அவங்க சொன்ன கதையில பூதம் இல்ல, நாத்தனார்தான். சிரிச்ச சிரிப்புல நான் உருட்ட எடுத்த பகடையே கைய விட்டு விழுந்துருச்சு. வீட்டுக்குப் போகவே மாட்டேன்னுட்டாங்க. மேசை நமக்குத்தான் மாமா. ஆகஸ்ட் மூணாம் தேதி, சனிக்கிழமை.

கதை கூட்டிச் சொல்றது எப்படின்னு சனங்களுக்குக் காட்ட ஒரு கண்டாக்கு வேணும். போன கடிதத்துல எழுதினதை நான் திருப்பி எடுத்துக்கிறேன். கோவத்துல எழுதினேன். நீங்க வரணும்.

ஒரே ஒரு நிபந்தனை. நீல ஜாக்கெட் எங்க இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. அத்தையோட பெட்டியில, கூறைச்சேலைக்கு மேல, பூச்சி உருண்டையோட. துரை ஜீப்பை நிறுத்தினது எல்லாம் சரி, நீங்க உரப்பையைத் தலையில போட்டுக்கிட்டு மலைக்குப் போறீங்களாமே. ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வந்தாத்தான் மேசையில இடம்.

அந்தப் பகடையையும் கொண்டு வாங்க.

அன்புடன்,
ஜெயந்தினி


மேல்கணக்கு லயம்,
பொகவந்தலாவை.
06.08.2024

என் தங்க மருமகளுக்கு,

நல்லபடியா வந்து சேந்தேன். அத்தைக்கு நீ குடுத்தனுப்புன பிஸ்கட் டின் வந்து சேந்துச்சு, உள்ள இருந்ததுல பாதியும் வந்து சேந்துச்சு.

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், ஆனா நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்ன. இந்தப் பக்கம் இருந்து பாத்தவன் நான். நான் பூட்டன் கவசத்தோட கதையைச் சொன்னப்ப பின்னால நின்ன சனம் எவ்வளவு தெரியுமா? வாசல் வரைக்கும். வாசலுக்கு வெளிய, காலிக்குப் போற ரோட்டுல, பஸ்ஸை நிறுத்திட்டுக் கேட்டாங்க. சரி, பஸ்ஸை விடு. வாசல் வரைக்கும் நின்னது சத்தியம். ஒரு கண்ணாடி போட்ட பெரியவரு என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஐயா, இந்த விளையாட்டு உங்க ஊர்லயா செஞ்சது?"ன்னு கேட்டாரு. "செஞ்சது என் மருமகள். செத்துப் பாத்தது எங்க ஊரு"ன்னேன்.

நீ அப்ப திரும்பிப் பாத்தியே, அந்த முகத்தை நான் பொன்னையா அண்ணனுக்கு நடிச்சுக் காட்டுனேன். சரியா வரல.

ஞாயித்துக்கிழமை அட்டன்ல ரயிலை விட்டு இறங்குனா ஊரே தெரியாத மழை. ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்கிட்டு பஸ் ஏறுனேன். பொகவந்தலாவையில இறங்கி லயத்துக்கு நடந்தேன். வழியில துரை ஜீப்பு போச்சு. நிக்கல. நிக்காட்டிப் போகுது.

வந்து பாத்தா ஜாக்கெட்டு கைப்பக்கம் ஒரு கிழிசல், விரல் நீளத்துக்கு. அத்தை ஊசி நூலோட வந்துட்டா. அவ கையைத் தட்டி விட்டேன். "தைக்காத, அதுக்குப் பேரு வைக்கணும்"னேன். அவ ஊசி நூலை வச்சுட்டு, பெட்டியைத் திறந்து, நீ அவளுக்குப் போன வருசம் வாங்கிக் குடுத்த மழைத் தொப்பியை எடுத்தா. நேத்து கொழுந்துக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனா. அட்டை ஒண்ணு அதுமேல ஏறி வழி தெரியாம திண்டாடுச்சாம்.

அந்தக் கிழிசல் எப்படி வந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. பொன்னையா அண்ணன்கிட்ட, கண்டி ரோட்டுல சிறுத்தைன்னு சொன்னேன். சுதாகரன்கிட்ட, கொழும்புல சனம் என்னை விடமாட்டேன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டாங்கன்னு சொன்னேன். உன் அம்மாகிட்ட ரெண்டையும் சேத்துச் சொன்னேன்.

நீ நடந்ததை நடந்தபடி கேட்ட பிள்ளை. அதனால உனக்கு மட்டும் எழுதுறேன்.

மழை பட்டுச்சு. நனைஞ்சது குறைவு. கழுத்துப் பக்கம் இடைவெளி இருந்துச்சு, அது வழியா கொஞ்சம் இறங்குச்சு. கிழிச்சது பஸ் சீட்டுல இருந்த ஆணி.

உன் மாமன்,
நல்லமுத்து